இணையதளம் கடைக்காரர் பெயரில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்னக் கடைக்காரர்களும் இனி சொந்தமாக இணையதளம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கருத்தில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அந்தத் தளம் யார் பெயரில் இருக்க வேண்டும், விலையை யார் மாற்றுவது, கெடு முடிந்தால் யாருக்குத் தகவல் வரும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கடைகள் அடிபடுவது இந்த இடத்தில்தான். கடிதம் நீண்டுவிட்டது. ஆனாலும் சுருக்காமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை நடத்துகிறேன். மொத்த வியாபாரம் கிடையாது, சில்லறையும் பார்சலும்தான். ஏலக்காய் பிரதானம், கூடவே மிளகு, கிராம்பு, ஜாதிபத்திரி. பிறந்து வளர்ந்தது கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் தோட்ட லயத்தில். கல்யாணமாகி மலையிறங்கி வந்தவள் என்பதால் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரியும். கோட்டயம், எர்ணாகுளம் பக்கத்து பேக்கரிக்காரர்கள் ஒரு பாதி, சென்னை, திருச்சி, மதுரைக் கல்யாணச் சமையல்காரர்கள் ஒரு பாதி என்று வாடிக்கை. இவர்களில் பாதிப் பேருக்கு மேல் என் கடையை நேரில் பார்த்ததில்லை. இணையதளத்தில் பார்த்து, ஃபோனில் பேசி, பார்சலில் வாங்குகிறவர்கள். தளத்தை ஆரம்பத்தில் அமைக்க அண்ணன் மகள் உதவினாள். இப்போது அன்றாட வேலை எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் முகவரி விஷயம். இணையதளம் என்று நாம் சொல்வதில் மூன்று தனித்தனிச் சமாசாரம் இருக்கிறது. டொமைன் என்னும் முகவரி ஒன்று, ஆண்டுக்கணக்கில் பணம் கட்டிப் பதிந்து, கெடு முடியும் முன் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டியது. தளத்தின் கோப்புகள் குடியிருக்கும் சர்வர் இடம், அதாவது ஹோஸ்டிங், இன்னொன்று. பக்கங்கள், படங்கள், விலைப்பட்டியல் என்று கண்ணுக்குத் தெரிவது மூன்றாவது. மூன்றையும் ஒரே ஆள் ஒரே பில்லில் செய்து கொடுத்துவிடுவதால் எல்லாம் ஒன்று என்றே கடைக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஹோஸ்டிங் சரியில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். பக்கங்கள் பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டுப் புதிதாகச் செய்யலாம். முகவரி கையை விட்டுப் போனால் மட்டும் திரும்ப வாங்குவது பெரும்பாடு. யார் பெயரில், யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் அது சொந்தம். காசு யார் கொடுத்தார் என்று பதிவு நிறுவனம் கேட்காது. வெள்ளையடிக்க வந்தவர் பெயரில் கடைப் பத்திரத்தை எழுதி வைக்க யாராவது சம்மதிப்பார்களா? டொமைன் விஷயத்தில் எங்கள் வீதியில் பலரும் அதற்குத்தான் சம்மதித்திருக்கிறார்கள், தெரியாமலே.

எங்கள் கடைவீதியில் காப்பித்தூள் அரைத்து விற்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். நல்ல தூள், நாணயமான மனிதர். இளைஞர் ஒருவர் அவருக்குத் தளம் செய்து கொடுத்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. அண்ணாச்சி அந்த முகவரியைக் கடை போர்டில் எழுதினார், பைகளில் அச்சடித்தார், டப்பா லேபிளிலும் போட்டார். பிறகு அந்த இளைஞர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். அவருடைய நம்பரும் மாறிப்போனது. டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் அவருடைய பழைய முகவரிக்கே போயிருக்கின்றன. கெடு முடிந்து, வேறு யாரோ அந்த முகவரியை வாங்கிவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் கூப்பிட்டு, “அண்ணாச்சி, உங்க சைட்டைத் திறந்தா சீட்டாட்ட விளம்பரம் வருது” என்று சொன்ன பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. “காசு நான்தானம்மா கட்டினேன், அது எப்படிம்மா அந்தப் பையன் பேர்ல இருக்கும்?” என்று என்னிடம் வந்து கேட்டார். அச்சடித்து வைத்திருந்த பைகள் அத்தனையிலும் முகவரியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு அவர் வீட்டம்மா கடை வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த இளைஞரை நான் மோசக்காரர் என்று சொல்லமாட்டேன். கையில் இருக்கும் எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்து ஒரே கணக்கு வைத்துக்கொள்வது வேலைக்கு வசதி. தளம் செய்து தருகிறவர்களில் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் வசதி ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு என்றால் அந்த வழக்கம் மாறத்தான் வேண்டும்.

கெடு முடிந்த மறுநாளே முகவரி பறிபோய்விடுவதில்லை. பொதுவாகச் சில வாரங்கள் வரை வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பித்துக்கொள்ள விடுவார்கள். அதற்குப் பிறகு மீட்புக் காலம் என்று சுமார் 30 நாள் உண்டு. அப்போது மீட்க வேண்டுமானால் பல மடங்கு கட்டணம். அதையும் விட்டால் முகவரி பொதுவில் வந்துவிடும். ஏற்கெனவே ஆட்கள் வந்துபோய்ப் பழகிய முகவரிகளைப் பிடிப்பதற்கென்றே காத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நாம் வருஷக்கணக்கில் சேர்த்த நல்ல பெயர் அப்படியே அவர்களுக்குப் போய்விடும்.

ஆகவே, தளம் இருக்கிற ஒவ்வொரு கடைக்காரரும் இன்றைக்கே செய்ய வேண்டியது, டொமைன் வாங்கிய நிறுவனத்தின் கணக்கு யார் கையில் இருக்கிறது என்று கேட்பது. ஹூயிஸ் என்று ஒரு பொதுத் தேடல் இருக்கிறது. முகவரியைக் கொடுத்தால் எந்த நிறுவனத்தில் பதிவானது, கெடு எப்போது என்று காட்டும். உரிமையாளர் பெயரைப் பல சமயம் மறைத்துத்தான் வைத்திருப்பார்கள். அப்போது கணக்குக்குள்ளேயே நுழைந்து பார்க்க வேண்டும். வேறொருவர் பெயரில் இருந்தால், அவர் நல்ல உறவில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கென்று ஒரு ரகசியக் குறியீடு உண்டு, அதைக் கேட்டு வாங்கினால் வேறு நிறுவனத்தில் நம் சொந்தக் கணக்குக்கே கொண்டுவந்துவிடலாம். புதுப்பிப்பதை வருஷா வருஷம் இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டாட் காம், டாட் இன் முகவரிகளை ஒரே தடவையில் பத்து ஆண்டு வரைகூடப் பதிவு செய்யலாம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அந்த டொமைனிலேயே முடிகிற மின்னஞ்சலாக இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும், எச்சரிக்கைக் கடிதம் வந்து சேர வழியே இருக்காது. தனியாக ஒரு மின்னஞ்சல், அதற்கு வீட்டில் எப்போதும் இருக்கும் ஃபோன் நம்பர், இரண்டும் கடைக் கணக்கு நோட்டில் எழுதி பீரோவில்.

இலவசமாகக் கிடைத்ததே என்று அடுத்தவர் இடத்தில் வைத்த தளத்துக்கு என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தவர்களுக்கு கூகுள் நிறுவனமே ஒரு சிறிய இணையப் பக்கத்தை இலவசமாகத் தந்து வந்தது. முகவரி ‘பிசினஸ் டாட் சைட்’ என்று முடியும். சின்னக் கடைகளுக்கு அது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. 2024 மார்ச்சில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். முன்கூட்டியே அறிவித்து, சில மாதங்கள் பழைய முகவரியைத் தட்டுபவர்களை மேப் பக்கத்துக்குத் திருப்பியும் விட்டார்கள். ஆனாலும் விசிட்டிங் கார்டில் அந்த முகவரியைப் போட்டவர்கள் கார்டை மாற்ற வேண்டியதாயிற்று. மேப்பில் கடையைப் பதிந்து வைப்பது இப்போதும் அவசியம், காசும் கிடையாது. அதை வழிகாட்டிப் பலகையாக வைத்துக்கொண்டு, முகவரியை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். டாட் இன் முகவரி ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் சொச்சத்துக்குள் முடிகிறது. முதல் வருஷச் சலுகை விலையைப் பார்த்து ஏமாறாமல், இரண்டாம் வருஷம் என்ன கட்டணம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

“வாட்ஸ்அப்பே போதுமே அக்கா, இதெல்லாம் எதுக்கு?” என்று பக்கத்துக் கடைத் தம்பிகள் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் வேண்டும்தான். என் தளத்திலேயே வாட்ஸ்அப் பட்டன் வைத்திருக்கிறேன், கல்யாண ஆர்டர் முக்கால்வாசி அதில்தான் வருகிறது. ஆனால் திருச்சியில் இருந்துகொண்டு ஏலக்காய் தேடுகிற, என்னைத் தெரியாத ஒருவர் என் வாட்ஸ்அப்புக்கு எப்படி வருவார்? தேடும்போது தளம்தான் கண்ணில் படும். பெரிய ஆன்லைன் சந்தைகளில் விற்கலாமே என்றால், அங்கே கமிஷன் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்கியவர் யார் என்று எனக்கே தெரிவதில்லை. அடுத்த தீபாவளிக்கு நான் யாரைக் கூப்பிட்டு, “காய் வந்திருக்கு, அனுப்பட்டுமா?” என்று கேட்பேன்?

அடுத்தது விலை. எங்கள் சரக்கின் குணம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். போடியிலும் மலைமேல் புற்றடியிலும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. அங்கே விலை ஏறினால் இங்கே என் கல்லாவில் அன்று மாலையே ஏறும். 2018இல் கேரளத்தில் பெரு வெள்ளம், அதைத் தொடர்ந்து வறட்சி. காய் வரத்து குறைந்து, 2019 ஆகஸ்ட்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அதே காய் 2022இல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இப்படி ஆடுகிற சரக்குக்கு, விலை மாற்ற வேண்டுமானால் தளம் செய்தவரைக் கூப்பிட வேண்டும், அவர் ஓய்வாக இருக்கும்போது மாற்றுவார், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இவ்வளவு கட்டணம் என்று ஒரு தளம் இருந்தால் அதை வைத்து என்ன செய்வது? பழைய குறைந்த விலைக்கு ஆர்டர் விழுந்துவிட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மறுத்தால் பெயர் கெடும்.

என் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. 2003 முதல் இருப்பது, திறந்த மூல மென்பொருள், இலவசம். அதோடு வூகாமர்ஸ் என்ற பிளகினை, அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளைச் சேர்த்தால் விலை, எடை, கூடை, பில் எல்லாம் வந்துவிடும். அதுவும் அடிப்படையில் இலவசம். கடையை மூடுவதற்கு முன் ஃபோனிலேயே நுழைந்து விலையை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறேன். கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தனியாக ஒரு நுழைவு கொடுத்திருக்கிறேன். அதில் அவள் விலையும் இருப்பும் மாற்றலாம், தளத்தின் அமைப்பைத் தொட முடியாது. இந்த ஏற்பாடு வூகாமர்ஸிலேயே இருக்கிறது, யாரும் தனியாகச் செய்து தர வேண்டியதில்லை. தளம் செய்து தருபவரிடம் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தளத்தை நம் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். தீம் என்று ஆயத்தமாக ஒரு வடிவம் கிடைக்கிறது. பெரும்பாலான தீம்கள் துணிக்கடையையோ செருப்புக்கடையையோ மனதில் வைத்துச் செய்தவை. உள்ளே போனால் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவு இருக்கும். மேலே பெரிய பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். நிறத்தை மட்டும் பச்சையாக்கி, நாலு ஏலக்காய்ப் படத்தைப் போட்டு, ‘கஸ்டமைஸ் செய்துவிட்டோம்’ என்று பில் போடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். கடை வாசலில் நின்று வாடிக்கையாளர் என்ன கேட்கிறாரோ, அந்த வரிசையில் தளம் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் கடையில் முதல் கேள்வி எப்போதும் அளவுதான். “சேச்சி, எட்டு மில்லி உண்டோ?” என்பார் கோட்டயத்துக்காரர், மில்லிமீட்டரைச் சொல்கிறார். எட்டு மில்லிக்கு மேல், ஏழிலிருந்து எட்டு, ஆறிலிருந்து ஏழு என்று சல்லடையில் சலித்துப் பிரிப்போம். அளவு கூடக் கூட விலை கூடும். அதனால் தீமில் இருந்த துணி அளவுகளை எடுத்துவிட்டு மில்லி கணக்கை வைத்தோம். அதற்குக் கீழே 50, 100, 250 கிராம், அரைக் கிலோ. எதற்கு எந்தக் காய் என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதினேன். பாயசத்துக்கும் பொடிக்கும் பெரிய காய் வேண்டியதே இல்லை, சின்னக் காயிலும் மணம் இருக்கும். தாம்பூலப் பையில் வைப்பதற்கும் வெளிநாட்டுக்குக் கொடுத்தனுப்புவதற்கும்தான் எட்டு மில்லி என்று. அந்த ஒரு வரியால் விலை குறைந்த காயை வாங்கிப் போனவர்கள்தான் மறுபடி மறுபடி வருகிறார்கள்.

இரண்டாவது கேள்வி நிறம். ஃபோன் கேமரா தானாகவே பச்சையைக் கூட்டிக் காட்டும். அதைப் பார்த்து வாங்கியவர் பார்சலைப் பிரித்ததும், “படத்துல இருந்த பச்சை இல்லையே, சாயம் போட்ட காயைக் காட்டி ஏமாத்துறீங்களா?” என்று கேட்டுவிடுவார். கடைகளில் சாயம் ஏற்றிய காய் உலாவுவதால் அவர் சந்தேகத்தில் தப்பில்லை. அதனால் நாங்கள் படம் எடுப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். வெயில் நேராகப் படாத திண்ணையில், வெள்ளைத்தாள் மேல் காயைப் பரப்பி, பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஸ்கேலை வைத்து எடுக்கிறோம். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் காயின் நிறமும் உள்ளது உள்ளபடி தெரியும். ஸ்கேல் இருப்பதால் மில்லி கணக்குக்கு வேறு சாட்சி வேண்டாம். ஒரு காயை உடைத்து, உள்ளே கறுத்த விதை தெரியும்படி இன்னொரு படம். புதுச் சரக்கு வரும்போது படத்தையும் மாற்றிவிடுவோம்.

அந்தப் படங்களை அப்படியே ஏற்றிவிடக் கூடாது. ஃபோனில் எடுத்த படம் ஒன்று மூன்று, நாலு எம்பி இருக்கும். பக்கத்துக்கு ஆறு படம் என்றால் மலைமேல் சிக்னல் குறைந்த இடத்தில் திறக்கவே திறக்காது. பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கம் வளைவுக்கு வளைவு சிக்னல் போய்ப் போய் வரும். சுருக்கித் தரும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. ஒரு படத்தை 100, 150 கேபிக்குள் கொண்டுவந்தால் ஃபோன் திரையில் வித்தியாசமே தெரியாது. மேலே ஓடிக்கொண்டிருந்த பெரிய படங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அன்றைய விலைப் பட்டியலை வைத்தோம். தளத்துக்கு வருபவர் தேடுவது அதைத்தான்.

மூன்றாவது, எழுத்து. இதில் எனக்குக் கோபமே உண்டு. தமிழ்நாட்டில் தமிழர்களுக்காகத் தமிழர் நடத்தும் கடையின் தளத்தில் பெயர்ப் பலகை மட்டும் தமிழில் இருக்கிறது, மற்றதெல்லாம் ஆங்கிலம். தமிழில் விலைப்பட்டியல் கேட்டால் அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை வாங்கி, தளத்தில் ஒட்டினால் கிறுக்கலாக வருகிறதே என்று படமாக்கிப் போட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடி யாரும் வந்து சேர முடியாது. பார்வையில்லாதவர்களுக்கு ஃபோன் வாசித்துக் காட்டாது. ஒரு விலை மாறினால் மறுபடி முழுப் படத்தையும் செய்ய வேண்டும். 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே எந்தக் கணினியிலும் ஃபோனிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு எழுத்து முறையைத் தமிழக அரசு ஏற்று ஆணை போட்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் கடைத் தளங்களில் படம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

யூனிகோடில் அடித்தாலும் வேலை முடிந்துவிடாது. ஆங்கிலத்துக்கென்று செய்த தீமில் வரிக்கு வரி இடைவெளி குறைவு. தமிழைப் போட்டால் ‘கீ’யின் மேல் சுழி, ‘கூ’வின் கீழ்ச் சுழி எல்லாம் அடுத்த வரியில் இடிக்கும், தலைப்புகளில் பாதி வெட்டுப்படும். பட்டன்கள் குறுகலாக இருக்கும், தமிழ்ச் சொல் இரண்டாக உடைந்து கீழே தொங்கும். தலைப்புகளை எழுத்துக்கு எழுத்து தள்ளித் தள்ளி வைக்கும் அலங்காரம் சில தீம்களில் உண்டு, தமிழில் அது கண்ணை உறுத்தும். வரி இடைவெளியைக் கூட்டுவது, பட்டனை அகலமாக்குவது, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி தெளிவான இலவச எழுத்துருவைப் போடுவது எல்லாம் தெரிந்தவருக்குச் சில மணி நேர வேலை. செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியவர் கடைக்காரர். இந்த மாற்றங்களை மூலத் தீமிலேயே எழுதினால் அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகும். சைல்டு தீம் என்று தனியாக ஒன்று வைத்து அதில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

எங்கள் தளத்தில் மலையாளப் பக்கமும் உண்டு. நானே எழுதியது. எல்லையில் இருக்கும் கடைகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம். சென்னைக்காரர்களுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? கம்பம், குமுளி, செங்கோட்டை, களியக்காவிளைப் பக்கத்துக் கடைக்காரர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஆந்திர எல்லையில் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் இருப்பவர்கள் தெலுங்கில் ஒரு பக்கம் வைக்கலாம்.

எல்லை என்றதும் வரி விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முந்தலில் இருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டைத் தாண்டினால் வேறு மாநிலம். கடையில் நேரில் வாங்கிப் போனால் ஒரு கணக்கு, நாம் பார்சலில் அனுப்பினால் வேறு கணக்கு. வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பி விற்பவர், விற்றுமுதல் குறைவாக இருந்தாலும், ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் பொது விதி. சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரிமுறையான காம்போசிஷனில் இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. தளம் தொடங்கியதும் முதல் ஆர்டரே மூணாறிலிருந்து வரலாம், ஆகவே தொடங்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. தின்பண்டம், மசாலா விற்பவர்கள் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணைப் போட வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி கடையின் முழுப்பெயர், விலாசம், திருப்பி எடுக்கும் நிபந்தனை, புகார் கேட்பவரின் பெயர், நம்பர் எல்லாம் தளத்தில் தெரிய வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவற்றைச் சுமை என்று நான் நினைக்கவில்லை. எங்கோ இருக்கும் ஒருவர் முகம் தெரியாத என்னிடம் பணம் அனுப்ப இவைதான் தைரியம் தருகின்றன.

பாதுகாப்பு பற்றி இரண்டே வார்த்தை. வாடிக்கையாளர் தரும் விவரத்தை வழியில் யாரும் படிக்காமல் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு (சில பிரவுசர்களில் முகவரிக்கு முன் பூட்டுச் சின்னமாகத் தெரியும்) தனிக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதையே போட்டுக் கொடுக்கின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமையும் பிளகினையும் திருட்டு நகலாக இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவற்றுக்குள் ஒளித்து வைத்த நிரல்கள் வாடிக்கையாளர் விவரத்தைத் திருடுவதும், நம் தளத்திலிருந்து வேறெங்கோ கொண்டுபோய் விடுவதும் அடிக்கடி நடக்கிறது.

இத்தனையும் எழுதக் காரணம், இது எங்கள் பிழைப்பு. ஏலக்காய் விலை ஏலத்தில் தீர்மானமாகிறது, மழை தீர்மானிக்கிறது. எங்கள் கையில் இருப்பது வாடிக்கையாளருக்கும் எங்களுக்கும் உள்ள பழக்கம் ஒன்றுதான். அந்தப் பழக்கம் வந்து போகும் வாசலும் எங்கள் கையில் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வணிகப் பக்கத்தில் வாரம் ஒரு பத்தி, இணையதளம் வைத்திருக்கும் சின்னக் கடைக்காரர்களின் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்லும்படி தொடங்குங்கள். எங்கள் ஊரில் கேள்வி இருக்கிறது, கேட்க இடம்தான் இல்லை. தேனி மாவட்டத்துக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கணினி படிக்கும் பிள்ளைகள், இறுதி ஆண்டு புராஜெக்டுக்கு இல்லாத கம்பெனிக்குத் தளம் செய்து மதிப்பெண் வாங்குவதற்குப் பதில், பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்கோ தையல் கடைக்கோ உண்மையான தளம் ஒன்றைக் கடைக்காரர் பெயரிலேயே செய்து கொடுக்க ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டும். வர்த்தகர் சங்கங்கள் உறுப்பினர்களின் டொமைன் கெடு தேதிகளை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்து, மாதக் கூட்டத்தில் வாசித்தால்கூட பல கடைகள் தப்பிக்கும்.

தளம் செய்து கொடுத்துப் பிழைக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் உழைப்புக்கு உரிய காசைத் தயங்காமல் கேளுங்கள், பேரம் பேசுகிறவர்களிடம் நானே உங்களுக்காகப் பேசுவேன். வேலை முடிந்ததும் கடைசிப் பில்லோடு ஒரு தாள் சேர்த்துக் கொடுங்கள். டொமைன் எங்கே வாங்கியது, யார் பெயரில், கெடு எந்தத் தேதி, ஹோஸ்டிங் எங்கே, நுழைவது எப்படி, கடைசியாக எடுத்த முழு நகல் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கட்டும். கடைக்காரர் அதை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு மீதிப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஏலக்காய் சில்லறை வியாபாரி,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.